பஞ்சத்திற் பாடிய முன்சீப்

வான் பொய்த்து உயிர்கள் வாடுங்காற் புலவன் செய்யத்தக்கது யாது என்னும் வினாவிற்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்களின் வாழ்க்கை தக்கதொரு விடையாகும்.

இவர் 1826-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரிற் கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் பயின்று நீதிமன்றப் பணியிற் புகுந்தார். தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக அமர்ந்து, கைக்கூலியைக் கடிந்து நடுவுநிலை காத்தார். 1859-இல் நீதிநூலை வெளியிட்டார். சமயம் வேறாயினும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இவர்மேற் குளத்துக்கோவை பாடினார்கள். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரவர்கள் இவரிடம் பெருங்கேண்மை பூண்டிருந்தார்கள்.

1876-இல், தாது வருடத்தில், பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்தும் மைசூரினும் பிறவிடங்களினும் 1878 வரை பல இலட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். அக்காலத்தும் தானியம் கப்பலேறிப் பிறநாடு சென்றுகொண்டே இருந்தது. அரசினர் நிவாரண வேலையில் ஆடவனுக்கு ஒரு நாளைக்கு அளந்த தானியம் ஒரு ராத்தலே. மழையின்மை இயற்கையின்பாலது, பசிக்கொலையோ மக்கள் நெஞ்சின் வறட்சியும் கூடியதனால் விளைந்தது.

அந்நாளிற் பிள்ளையவர்கள் முன்சீப் பதவியினின்றும் நீங்கியிருந்தார். ஆயினும் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகட்குக் கஞ்சி வார்ப்பித்தார். அவ்வறங் கண்டு, நந்தனார் சரித்திரம் இயற்றிய சிவபத்தராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனம் பாடினார். சைவர் ஒருவர் கிறித்தவரைப் பாடலாமோ என்னும் ஐயம் அவர்க்கு எழவில்லை. பசித்தோர்க்கு இட்ட கையையே அவர் கண்டார்.

பிள்ளையவர்களின் சர்வ சமய சமரசக் கீர்த்தனை 1878-இல் வெளிவந்தது. பஞ்சம் தீர இறைவனை வேண்டும் பாட்டும் அதன்கண் உண்டு. ஒரு சமயத்தார்க்கே உரிய தெய்வப்பெயரைச் சுட்டாது இயற்றப்பட்டமையின், அந்நூற் பாடல்கள் எவரும் பாடுதற்கு உரியவாயின. பசி சமயம் பார்ப்பதில்லை. அதனை நீக்க வேண்டும் பாட்டும் அவ்வாறே அமைந்தது.

பின்னர்ப் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் அச்சேறிற்று. 1889-இற் பிள்ளையவர்கள் உலக வாழ்வை நீத்தார்.

பாட்டு மழையைப் பெய்விக்குமென்று துணிந்துரைத்தல் எம்மனோர்க்கு இயலாது. உண்டு களித்தோர் செவியிற் பசித்தோர் குரலைச் சேர்ப்பித்தல் அதற்கு இயலும். அதுவும், பாடுவோன் தன் களஞ்சியத்தை முன்னர்த் திறந்தாலன்றிக் கேட்போர் நெஞ்சிற் பதியாது. சீவகாருணியத்தைப் பேசியும் பாடியும் வரும் நாம், வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வருத்தும் இந்நாளில், இதனை நம்மிடத்தே வைத்து எண்ணுதல் கடன்.