பட்டணம் சுப்பிரமணிய ஐயர்

நம் காலனியில் பாட்டுப் பயிலும் சிறுவர் சிறுமியருள் ஆபோகி ராகத்து வர்ணத்தைப் பாடம் பண்ணாதவர் அரியர். அதனை இயற்றிய பட்டணம் சுப்பிரமணிய ஐயர், தம் இளமையில் உடன் பயின்ற ஒருவருடைய பாட்டைக் கேட்டு மனம் சோர்வதற்கு எல்லாக் காரணமும் வாய்க்கப் பெற்றவர் என்பதை அக்குழந்தைகள் அறியார்.

ஐயர் 1845-ஆம் ஆண்டில் திருவையாற்றில் பிறந்தார். பாட்டனார் தஞ்சைச் சரபோஜி மன்னரின் அவை வித்வான். குருவோ, தியாகராஜ சுவாமிகளின் நேர்ச் சீடரும் உறவினருமான மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர். குலமும் ஊரும் குருவும் வாய்த்தன. சாரீரம் மட்டும் வாய்க்கவில்லை. கனத்த குரல்; விரைந்த பிருகாக்களுக்கு எளிதில் வளையாது.

அதே குருவினிடம் பயின்றவர் வையச்சேரி வைத்தியநாத ஐயர். ஓராண்டே மூத்தவர். பன்னிரண்டு வயதளவில், கல்லிடைக்குறிச்சியில் திருவாவடுதுறைச் சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில் 'மகா' என்ற பட்டம் பெற்றவர். மூன்று ஸ்தாயியிலும் தடையின்றி உலவும் குரல் அவருடையது.

பெரிய வித்வான் பாடினால் மாணவனுக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது. அது பல்லாண்டு உழைப்பின் பயன் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஒத்த வயதினன் பாடும்போதுதான் தொண்டை அடைத்துக்கொள்கிறது. கேட்கவும் ஆசை, கேட்டபின் வீட்டிற்கு வந்து தம்பூராவைத் தொடவும் கூச்சம். நம் விழாப் போட்டிகளில் இரண்டாவதாகப் பாட நிற்கும் குழந்தையின் முகத்தில் இதனை நாம் காண்கிறோம். அந்நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் புகழும் பெற்றோரும் நம்மிடையே இல்லாமற் போகவில்லை!

ஐயர் அக்குரலைப் பின்பற்ற முயலவில்லை. தமக்குக் கிடைத்த குரலையே இடைவிடாத அசுர சாதகத்தால் உருக்கி வார்த்தார். கனம் குறையாயிருந்த நிலை மாறி, நிதானமாகப் பாடும் தானத்திற்கு அதுவே பலமாயிற்று. பேகடையை அவர் விரித்த சிறப்பினால் 'பேகடா சுப்பிரமணிய ஐயர்' என்றே அழைக்கப்பெற்றார். சென்னையில் சில ஆண்டுகள் வாழ்ந்ததால் 'பட்டணம்' என்ற அடைமொழியும் சேர்ந்தது.

பிறகு மாணவர்கள் அவரை நாடி வந்தனர். இராமநாதபுரம் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார், டைகர் வரதாச்சாரியார் ஆகியோர் அவர் சீடர்கள். கன்னட நாட்டிலிருந்து மைசூர் வாசுதேவாசாரியர், அரசரின் உதவியோடு திருவையாறு வந்து குருகுலவாசம் செய்தார். பிற்காலத்தில் தாம் கண்ட வித்வான்களைப் பற்றிக் கன்னடத்தில் நூலும் எழுதினார். பூச்சி ஐயங்காரின் சீடரே அரியக்குடி இராமானுஜ ஐயங்கார். இன்று நாம் கேட்கும் கச்சேரி முறை பெரும்பாலும் அவர் வகுத்தது.

மகா வைத்தியநாத ஐயர் 1893-இலும், நம் ஐயர் 1902-இலும் காலமாயினர். கதனகுதூகலம் என்ற துள்ளல் மிகுந்த ராகத்தை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். மேனாட்டு வாத்தியத்தின் சாயல் அதில் தோன்றும். ஸ்வரங்கள் தாவித் தாவி ஓடும் அந்த ராகத்தைப் படைத்தவரும், எளிதில் வளையாத குரலோடு பிறந்த அந்தச் சுப்பிரமணிய ஐயரே.