எண்களைத் தேடிய துறவி

கணிதப் பாடவேளை என்றதும் நம்மில் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஆனால் செபத்துக்கும் கணிதத்துக்கும் தம் சிற்றறையில் ஒருங்கே இடமளித்த துறவி ஒருவர் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் மாரின் மெர்சென் அடிகளார். அவரது வாழ்வைச் சற்று நோக்குவோம்.

1588ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், உவாசே என்னும் சிற்றூரில் எளிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். லா ஃப்ளெஷ் நகரில் இயேசு சபையார் நடத்திய கல்லூரியில் பயின்றார். 1611இல் மினிம் துறவற சபையில் சேர்ந்தார். இறைச்சி, முட்டை, பால் முதலியவற்றை அறவே விலக்கி வாழ்ந்த கடுந்தவச் சபை அது. பின்னர்க் குருப்பட்டம் பெற்று, 1619 முதல் பாரிசு மாநகரில் இருந்த தம் சபை மடத்தையே இல்லமாகக் கொண்டார்.

அறிவியல் இதழ்கள் தோன்றாத காலம் அது. ஓர் அறிஞர் கண்டறிந்தது அடுத்த ஊர் அறிஞருக்குத் தெரியாது. இக்குறையைத் தீர்க்க அடிகளார் கடிதங்களைக் கருவியாக்கினார். தெக்கார்த்து, ஃபெர்மா போன்ற மேதைகளுக்கு ஓயாமல் எழுதினார். ஒருவரது கண்டுபிடிப்பை மற்றவருக்கு அறிவித்தார். தமக்கெழுந்த ஐயங்களை அவர்கள்முன் வைத்தார். 1643இல் 100895598169 என்ற எண் பகா எண்தானா என்று ஃபெர்மாவிடம் வினவினார். அது பகு எண் என்றும், 898423, 112303 ஆகியவை அதன் பகாக் காரணிகள் என்றும் ஃபெர்மா விடையளித்தார். கணிப்பொறி இல்லாத நாளில் இது எத்துணை வியப்பு!

அடிகளாரின் உள்ளத்தைக் கவர்ந்த எண்கள் சில உண்டு. ஏழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 128. அதில் ஒன்றைக் குறைத்தால் 127. இது பகா எண். பதினொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் குறைத்தால் 2047. இதுவும் பகா எண்போலத் தோன்றும். ஆனால் 23ஐ 89ஆல் பெருக்கினால் கிடைப்பது இதுவே. அப்படியானால் எத்தனை இரண்டுகளைப் பெருக்கினால் பகா எண் கிட்டும்? 257 வரை ஆராய்ந்து, 1644இல் ஒரு பட்டியலை அவர் வெளியிட்டார்.

அப்பட்டியலில் பிழைகள் இருந்தன. ஆயினும் அவற்றைக் கண்டறிய உலகுக்கு நெடுங்காலம் பிடித்தது. அறுபத்தேழு இரண்டுகளால் வரும் 147573952589676412927 என்ற எண்ணைப் பகா எண் என்று அவர் குறித்திருந்தார். 1876இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அது பகு எண் என நிறுவினார். ஆனால் காரணிகளை அவர் காணவில்லை. 1903இல் அமெரிக்கப் பேராசிரியர் கோல் அவற்றைக் கண்டார். 193707721, 761838257287 என்பவையே அவை. 257ஐச் சேர்த்ததும் தவறே. 61, 89, 107 ஆகியவை விடுபட்டிருந்தன. 1947இல்தான் பட்டியல் முழுவதும் சோதித்து முடிக்கப்பட்டது.

இத்தனை பிழைகள் இருந்தும் இவ்வகை எண்கள் மெர்சென் எண்கள் என்றே வழங்கப்படுவது ஏன்? அவர் எழுப்பிய வினா அத்துணை பெரியது. அவரை மதித்தவர்களும் அவர் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை, சோதித்துப் பார்த்தார்கள். அவ்வாறு சோதித்ததால் எண்ணியல் வளர்ந்தது. 2024இல் கணிப்பொறிகளின் துணையால் கண்டறியப்பட்ட ஒரு மெர்சென் பகா எண்ணில் 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன.

1648 செப்டம்பர் முதல் நாள், அறுபது வயது நிறைவதற்கு ஒரு வாரம் இருக்கையில், அடிகளார் இறையடி சேர்ந்தார். தம் உடலையும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்டிருந்தார். அவரது அறையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் எழுதிய கடிதங்கள் கிடைத்தன.

அன்பு மாணவியரே, விடை தவறிவிடுமோ என்று அஞ்சி வகுப்பில் வாய் திறவாதிருக்கிறோமே! தவறிய விடையைப் பிறர் திருத்தலாம். கேளாத வினாவை யார் திருத்துவார்? அடிகளாரைப் போல நாமும் அறிந்ததைப் பகிர்ந்துகொள்வோம். அறியாததைத் துணிந்து கேட்போம்.