புளோரன்ஸ் லாரென்ஸ் அம்மையார்

முன்னே செல்லும் மோட்டார் வண்டியின் பிற்புறத்தில் செவ்விளக்கு ஒளிரக் கண்டவுடனே, பின்னே வருவோர் தம் வண்டியின் விரைவை அடக்குகின்றனர். நாடோறும் எண்ணிறந்த உயிர்களைக் காக்கும் இவ்வடையாளத்தைக் கருதிய முன்னோடியருள் ஒருவர், ஊமைப்படக் காலத்தில் புகழின் உச்சியில் விளங்கிய நடிகையார் என்பதைப் பலர் அறியார். அவர்தம் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவ்வம்மையார் கனடா நாட்டின் ஒன்றாரியோ மாகாணத்து ஹாமில்டன் நகரில் 1886-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 2-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் புளோரன்ஸ் ஆனி பிரிட்ஜ்வுட் என்பது. தந்தையார் குதிரை வண்டிகள் செய்யுந் தொழிலினர். தாயார் சார்லட் அம்மையார், லாட்டா லாரென்ஸ் என்னும் மேடைப்பெயர் பூண்டு நாடகக் குழுவொன்றை நடத்தியவர். புளோரன்ஸுக்கு நான்கு வயதானபொழுது பெற்றோர் பிரிந்தனர். இளமையிலேயே தாயாருடன் மேடையேறிய அவர், அத்தாயாரின் மேடைப்பெயரையே தமக்கும் கொண்டார்.

1906-ஆம் ஆண்டு முதல் அவர் படங்களில் நடிக்கலாயினார். 1908-இல் பயாகிராப் கம்பெனியிற் சேர்ந்து, கிரிபித் என்னும் பெயர்பெற்ற இயக்குநரின் படங்கள் பலவற்றில் தோன்றினார். நடிகரின் பெயர் வெளிப்படின் அவர்கள் மிகுந்த ஊதியம் வேண்டுவர் என்றஞ்சி, அக்காலத்துக் கம்பெனிகள் பெயர்களை மறைத்தே வைத்தன. ஆகவே, மக்கள் இவரைப் பயாகிராப் நங்கை என்றே அழைத்தனர். பின்னர்க் கார்ல் லெம்லி என்பார் இவரைத் தம் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார். 1910-இல், இவர் விபத்தில் மாண்டார் என்றொரு பொய்ச்செய்தி பரவிற்று. லெம்லி அதனை மறுத்து விளம்பரஞ் செய்து, செயிண்ட் லூயிஸ் நகரில் அவரை நேரில் தோன்றச் செய்தார். அவரைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. பெயர் மறைந்திருந்த நங்கை, அன்றுமுதல் பெயரால் அறியப்பட்ட நட்சத்திரமாயினார். 1912-இல் அவருக்கெனவே விக்டர் என்னும் படக் கம்பெனியும் தோன்றிற்று.

பொருள் நிரம்பிய அந்நாளில் அவர் மோட்டார் வண்டி வாங்கி, தாமே ஓட்டுவதிற் பேரார்வங் காட்டினார். வண்டிகள் பெருகிவந்த காலம் அது. திரும்பவோ நிற்கவோ கருதும் ஓட்டுநர் கையை நீட்டிக் காட்டுதலே வழக்கம். மழையிலும் இருளிலும் அக்கை தெரிவதில்லை. அவசரத்தில் நிறுத்துவோர்க்குக் கைகாட்ட நேரமுமில்லை. இக்குறையை நினைந்த அம்மையார், 1914-ஆம் ஆண்டளவில் இரண்டு கருவிகளை அமைத்தார். ஒன்று, பொத்தானை அழுத்தியவுடன் வண்டியின் பின்னே எழுந்து, திரும்பும் திசையைக் காட்டுங் கொடி. மற்றொன்று, பிரேக் மிதியை அழுத்தியவுடன் நில் என்னுஞ் சொல் தாங்கி எழும் பலகை. இவற்றிற்கு அவர் காப்புரிமை பெற்றாரில்லை. ஆதலால் இவற்றால் அவருக்கு ஊதியமும் கிட்டவில்லை. தாயார் சார்லட்டோ, முகப்புக் கண்ணாடியை மின்சாரத்தால் துடைக்கும் உருளைக் கருவியொன்றை 1917-இல் அமைத்துக் காப்புரிமை பெற முயன்றார். தாயும் மகளும் ஒருங்கே இத்துறையில் அறிவு செலுத்தியமை வியக்கற்பாலது.

கொடியும் பலகையும் மறைந்து மின்விளக்குகள் வந்தன. ஆயினும், மிதியை அழுத்துதலே அடையாளத்தைத் தோற்றுவித்தல் வேண்டும் என்னும் அடிப்படைக் கருத்து மாறவில்லை. 1955 முதல் 1962 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட எம்.ஜி. ஏ என்னும் விளையாட்டு வண்டியை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அதன் பிரேக் குழாயில் ஒரு சிறு ஸ்விச்சு திருகப்பட்டுள்ளது. மிதியை அழுத்துங்கால், குழாயிலுள்ள எண்ணெயின் அழுத்தம் அதனுள் இருக்கும் மெல்லிய தகட்டைத் தள்ளி, மின்முனைகளை இணைத்து விளக்கை எரியச் செய்கின்றது. விளக்குக்குரிய மின்னோட்டம் முழுவதும் அம்முனைகளின் வழியே செல்வதால், நாளடைவில் அவை கருகுகின்றன. பின்னர், மிதியை வன்மையாக அழுத்தினாலன்றி விளக்கு எரியாது. இறுதியில் முற்றும் எரியாதொழியும். பழைய ஸ்விச்சைக் கழற்றிப் புதியதைத் திருகிக் குழாயிற் புகுந்த காற்றை வெளியேற்றுதல் அரிதன்று. ரிலே ஒன்றை இடையே அமைப்பின் புதிய ஸ்விச்சு நெடுநாள் உழைக்கும். ஆனால் ஓட்டுநர் தம் வண்டியின் பின்விளக்கைத் தாம் காண்பதில்லை. பின்னே நின்று பார்த்துச் சொல்ல மற்றொருவர் வேண்டும்.

நிற்க. அம்மையாரின் பிற்கால வாழ்வு துன்பம் நிறைந்தது. படப்பிடிப்பிடையே நேர்ந்த தீவிபத்தில் அவர் காயமுற்று நெடுநாள் வருந்தினார். மீண்டும் நடிக்க வந்தகாலை, புதிய முகங்கள் அவரிடத்தைக் கொண்டிருந்தன. முதற்கணவர் 1920-இல் இறந்தார். பின்னர்ச் செய்துகொண்ட இரு மணங்களும் நிலைக்கவில்லை. 1929-இல் தாயாரையும் இழந்தார். அவ்வாண்டின் பொருளாதார வீழ்ச்சியில் எஞ்சிய செல்வமும் கரைந்தது. ஒருகாலத்தில் நகரமே திரண்டு காணவந்த அவர், 1936 முதல் பெயர் குறிக்கப்படாத சிறு வேடங்களை ஏற்று வாழ்ந்தார். தீராப்பிணியும் மனச்சோர்வும் வருத்த, 1938-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஹாலிவுட்டிலுள்ள அவரது கல்லறை, அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெயர்க்கல்லின்றிக் கிடந்தது. 1991-இல்தான் அதற்கு ஒரு கல் நாட்டப்பட்டது.

பின்வருவோர் ஊறுபடாதிருக்க அடையாளம் அமைத்தவரின் துயரத்திற்குரிய அடையாளங்களை, அருகிருந்தோர் உரிய காலத்தில் உணர்ந்து காக்க இயலாது போயிற்று. எந்திரத்தின் ஸ்விச்சு பழுதுற்றால் மாற்றிவிடலாம். மனிதர் உள்ளத்தே விளக்கணைந்தால், அதனை முதலிற் காண்பவர் அயலாரே. ஆகலின், மாணவ நண்பர்காள், உடன் பயில்வார் ஒருவர் சோர்ந்து விலகி நிற்கக் காணின், அவரைக் கடந்து செல்லற்க, அருகணைந்து வினவுமின். பிறர்நலங் கருதிய இவ்வம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவேயாகும்.