குரோமோசோம்களை எண்ணிய ஜானகி அம்மாள்

கேரளத்தின் தலச்சேரியில் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் பிறந்தவர் இ. கே. ஜானகி அம்மாள். அங்குள்ள திரு இருதயக் கன்னியர் மடப் பள்ளியிலும், பின் சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும், மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாகவும் பணியாற்றினார். வீட்டார் மணம் பேசியபோதும் கல்வியையே தேர்ந்து அமெரிக்கா சென்றார். 1931-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

1934-இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். இனிப்புக் கரும்பையும், எதையும் தாங்கி வளரும் நாணலையும் கலந்து புதுக் கரும்பு காணும் இடம் அது. சேய்க்கு யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்றறிய குரோமோசோம்களை எண்ண வேண்டும். இனிப்புக் கரும்புக்கு 80. கோவை நாணலுக்கு 64. பாதியும் பாதியும் சேர்ந்தால் 72 தானே என்போம். ஆனால் கோ 205 என்னும் கலப்பினக் கரும்பில் இருந்தவை 112! தாய்க்கரும்பு தன் 80-ஐயும் முழுமையாகக் கொடுத்திருந்தது. எண்ணிக்கை பிழைத்தால் இவ்வுண்மை விளங்குமா?

உயிருள்ள அணுவில் குரோமோசோம்களுக்கு நிறமில்லை. ஆகவே வேர்நுனியைப் பதப்படுத்திச் சாயம் ஏற்றுவர். மெழுகில் பதித்து மெல்லியதாகச் சீவினால் திசுவின் அமைப்புக் கெடாது. ஆனால் கத்தி குரோமோசோமையும் வெட்டிவிடக்கூடும். கண்ணாடித் தகட்டில் நசுக்கினால் அமைப்புக் குலையும். ஆனால் அணு முழுதாக விரியும், எண்ணுவது எளிது. பிறகு எண்ணெயிட்ட லென்ஸால் ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்ப்பர்.

புளியஞ்சோலை ஓடை நீரில் ஒரு துளியை நாம் ஆராய்வதானால் வழி வேறு. நீந்தும் நுண்ணுயிரைக் கொல்லும் சாயம் அங்கு ஆகாது. ஒளித்துளையைச் சற்றுச் சுருக்கினாலே அதன் ஓரங்கள் தெளியும். இன்னும் தெளிவு வேண்டுமெனில், செர்னிக் என்பார் கண்டுபிடித்து 1953-இல் நோபெல் பரிசு பெற்ற பேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கி உண்டு. முதலில் கேள்வி, பிறகே கருவி.

1940-இல் குண்டுகள் விழுந்த இலண்டனிலும் அம்மையார் ஆய்வை விடவில்லை. டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்டவணை நூலை 1945-இல் வெளியிட்டார். 1951-இல் நேரு அழைக்க, இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கத் தாயகம் திரும்பினார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1984 பிப்ரவரி 7-இல் மறைந்தார்.

பொறுமையாக எண்ணிய அந்தக் கண்களை நாமும் நினைவில் கொள்வோம். நம் ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் கண் வைக்குமுன், எதைக் காண விழைகிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.