கர்மவீரர் பாவுராவ் பாட்டீல்
ஏரும் ஏடும் இணைத்த கல்விப் பெருந்தகை

போகபூமிக் காலம் மறைந்து, கற்பக விருட்சங்கள் அருகியபோது, வாழ வழியறியாது கலங்கி நின்ற மக்களுக்கு ஆதிபகவன் அறுதொழில்களைக் கற்பித்தருளினார் என்பது நம் புராண மரபு. தம் புதல்வியரான பிராமிக்கும் சுந்தரிக்கும் எழுத்தையும் எண்ணையும் போதித்தவரும் அப்பெருமானே. எழுத்தறிவும் கைத்தொழிலும் ஒரே ஆசானிடமிருந்து பிறந்தவை என்பது இதனால் விளங்கும். பிற்காலத்தில் கல்வி வேறு, உழைப்பு வேறு எனப் பிரிந்துபோன அவ்விரண்டையும் மீண்டும் ஒன்று சேர்த்தவர், சென்ற நூற்றாண்டில் மராட்டிய நாட்டில் வாழ்ந்த ஜைனப் பெருமகனார் பாவுராவ் பாட்டீல் ஆவார்.

கோலாப்பூர் மாவட்டத்தில், பாகுபலி மலையால் நம்மவர் நன்கறிந்த கும்போஜ் என்னும் ஊரில், 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் திகம்பர ஜைன வேளாண் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் பாய்கௌண்டா பாட்டீல், தாயார் கங்காபாய். கோலாப்பூரில் நம் சமயத்தாரின் மாணவர் விடுதி ஒன்றில் தங்கிப் பயின்றபோது, தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான விடுதியின் விழாவிற்குச் சென்று திரும்பினார். தீட்டு நீங்க நீராடிய பின்னரே உணவருந்தலாம் என்று விடுதியார் விதித்தனர். அவர் அதற்கு இசையவில்லை. விடுதியை விட்டு வெளியேற நேர்ந்தது. எவ்வுயிரையும் தன்னுயிர்போல் எண்ணும் நெறியில் பிறந்தோர் ஒரு மனிதனைத் தீண்டத்தகாதவன் எனக் கருதுவது எங்ஙனம் பொருந்தும் என்னும் வினா, அவர் வாழ்நாள் முழுவதையும் வழிநடத்திற்று எனலாம்.

அவருடைய பள்ளிப்படிப்பு மெட்ரிக்குலேஷனை எட்டவில்லை. சாத்தாராவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பொருளீட்டினார். 1914ஆம் ஆண்டு கோலாப்பூரில் எழுந்த ஒரு வழக்கில், ஜைனப் பெரியார் அண்ணாசாகேப் லட்டே அவர்களுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி கூறும்படி வற்புறுத்தப்பட்டார். சிறைத் துன்பத்தை ஏற்றாரேயன்றிச் சத்திய விரதத்தைக் கைவிட்டாரல்லர். பின்னர்க் கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பைகளை விற்பதற்காகச் சிற்றூர் தோறும் அலைந்தார். உழவரின் வறுமைக்கும் கடனுக்கும் கல்லாமையே வேர் என்பதை அப்பயணங்களில் அவர் கண்கூடாகக் கண்டார்.

1919ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், கராடு வட்டத்துக் காலே என்னும் சிற்றூரில் ரயத் சிட்சண் சன்ஸ்தாவை நிறுவினார். ரயத் என்பது குடியானவரைக் குறிக்கும் சொல். 1924இல் சாத்தாராவில் விடுதி தொடங்கினார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்தே சமைத்தனர். ஒரே பந்தியில் உண்டனர். 1927இல் காந்தியடிகள் அவ்விடுதிக்குச் சத்ரபதி சாகு மகாராஜாவின் பெயரைச் சூட்டினார்.

இங்கே இலட்சுமிபாய் அம்மையாரை நினையாதிருத்தல் கூடாது. ஆசாரமிக்க குடும்பத்தில் வளர்ந்த அவ்வம்மையார், விடுதிப் பிள்ளைகள் யாவரையும் தம் மக்களாகவே பேணினார். களஞ்சியம் வெறுமையான நாள்களில் தம் நகைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். இறுதியில் மங்கல நாணும் பிள்ளைகளின் பசிக்கே சென்றது. 1930இல் அவர் மறைந்தார். ஆகார தானமும் சாத்திர தானமும் அவ்வில்லத்தில் இணைந்தே நிகழ்ந்தன.

பாட்டீல் வகுத்த கல்விமுறையே அவர் வாழ்வின் சாரம். உழைத்துப் பயில்வது அதன் உயிர்நாடி. மாணவர்கள் நாள்தோறும் குறித்த நேரம் வயலில் உழைத்தனர், கல்லுடைத்தனர், கிணறு தோண்டினர், தாம் பயிலும் கட்டடத்தையே எழுப்பினர். அவ்வுழைப்பே அவர்தம் உணவுக்கும் கட்டணத்திற்கும் ஈடாயிற்று. வறியவன் கைநீட்டி இரவாமல், தன் கைகளை நம்பித் தலைநிமிர்ந்து படிக்க வேண்டுமென்பது அவர் நோக்கம். உழைப்பு, படிப்புக்கு இடையூறாக அன்றிப் படிப்பின் ஒரு பகுதியாகவே அமைந்தது.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரு படியில் நிற்பவன் அடுத்த படிக்கு ஏற வழியில்லையாயின் முதற்படியால் பயனென்ன என்று அவர் எண்ணினார். எனவே தொடர் சங்கிலியாகக் கல்விச்சாலைகளை அமைத்தார். சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர் வேண்டுமென்று 1935இல் சாத்தாராவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1940இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் பெயரால், உழைத்துப் பயிலும் மாணவர் கட்டணமின்றித் தங்கிக் கற்கும் உயர்நிலைப் பள்ளி எழுந்தது. அதில் தேறியோர்க்காக 1947இல் சத்ரபதி சிவாஜி கல்லூரியும், 1954இல் கராடில் காட்கே மகாராஜ் கல்லூரியும், 1955இல் பட்டதாரி ஆசிரியர்க்கான ஆசாத் கல்வியியல் கல்லூரியும் தோன்றின. உழவன் மகன் பள்ளியில் நுழைந்து, பட்டம் பெற்று, ஆசிரியனாகித் தன்னைப்போன்ற சிறுவர்க்கே கற்பிக்கத் திரும்பும் வழி இவ்வாறு ஒரே அமைப்பினுள் பிறந்தது. மேற்படிப்பும் பிழைப்புக்கான தொழிலும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இடையூறுகள் இல்லாமல் இல்லை. அரசு மானியம் தடைப்பட்ட காலமும் உண்டு. அப்போதும் அவர் தளரவில்லை. பொதுமக்கள் நன்கொடை அளித்துக் கைகொடுத்தனர். நம் இல்லங்களின் பிடியரிசி போன்று, வீட்டுக்கொரு பிடி தானியம் ஈந்து விடுதிகளைக் காத்த ஊர்களும் பல.

1959இல் பத்மபூஷண் விருதும், புனேப் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டமும் அவரை அடைந்தன. மெட்ரிக்குலேஷனை எட்டாத ஒருவரைப் பல்கலைக்கழகம் போற்றியது! அவ்வாண்டு மே 9ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். ஆலமரத்தைச் சின்னமாகக் கொண்ட அவரது நிறுவனம் இன்று நானூறுக்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளையும் பல கல்லூரிகளையும் நடத்துகிறது. தமிழர் காமராசரைப் போற்றும் கர்மவீரர் என்னும் பெயராலேயே மராட்டியர் இவரையும் போற்றுகின்றனர்.

தமிழ் ஜைனராகிய நாமும் வழிவழியாக உழுதுண்டு வாழ்ந்தவரே. நம் பிள்ளைகள் பட்டம் பெறுவது மகிழ்ச்சியே. ஆயினும், படித்தவன் மண்வெட்டியைத் தொடுவது இழுக்கு என்னும் எண்ணமும், பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளை பயனற்றவன் என்னும் எண்ணமும் நம் இல்லங்களில் இன்று நுழைந்துள்ளன. இரண்டும் ஆதிபகவன் அருளிய அறுதொழில் நெறிக்கு மாறானவை. விடுமுறையில் பிள்ளை ஒரு தொழிலைப் பழகட்டும். ஊரில் வறிய மாணவன் ஒருவனின் அடுத்த படிக்கு நாம் கைகொடுப்போம். சாத்திர தானம் நூல் வழங்குவதோடு முடிவதன்று என்பதைக் கும்போஜில் பிறந்த அப்பெருமகனாரின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

வாழ்க அறம்! வளர்க கல்வி!