ராஜாஜி: கோயில் கதவைத் திறந்தவரா, தள்ளிப் போட்டவரா?

சாதி, மதம் என ஊரே இரண்டாகப் பிரியும் விஷயங்களில் அரசியல்வாதிகள் ஏன் சட்டென்று ஒரு பக்கம் நிற்பதில்லை? 1930-களின் சென்னை மாகாணத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அவர்தான் ராஜாஜி.

யார் இவர்?

1878-ல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் பெரிய வக்கீல். காந்திக்காகத் தொழிலை விட்டார். 1925-ல் திருச்செங்கோடு அருகே ஆசிரமம் தொடங்கி, தலித்துகளையும் சேர்த்துக்கொண்டார். 1933-ல் மகள் லட்சுமியை காந்தியின் மகன் தேவதாஸுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். ஐயங்கார் குடும்பத்தில் சாதி மறுப்புத் திருமணம் என்பது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை.

ஆக, தீண்டாமையில் அவர் மனசு எந்தப் பக்கம் என்பதில் குழப்பமே இல்லை. 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆன பிறகுதான் சிக்கல்.

1938-ல் என்ன ஆச்சு?

தலித் தலைவர் எம்.சி.ராஜா, சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். 1932 பூனா ஒப்பந்தத்தின்போது காந்தி பக்கம் நின்றவர் அவர். காங்கிரஸ் அரசு கைகொடுக்கும் என நம்பினார். ஆனால், மசோதாவைத் திரும்பப் பெறும்படி ராஜாஜி கேட்டார். ராஜா காந்தியிடம் முறையிட்டும் பலனில்லை. மசோதா தோற்றது.

பதிலுக்கு ராஜாஜி கொண்டுவந்தது, மலபாருக்கு மட்டுமான சட்டம். அதிலும் சாதி இந்துக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பான்மை சம்மதித்தால்தான் கதவு திறக்கும். எதிர்ப்பைக் கிளப்பாமல் படிப்படியாகப் போகலாம் என்பது அவர் கணக்கு. அதே ஆண்டு, கடும் எதிர்ப்புக்கு நடுவிலும் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அவரேதான்.

கதவு எப்போ திறந்தது?

1939 ஜூலை 8. மதுரை வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட சிலருடன் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். சனாதனிகள் கொதித்தார்கள், வழக்கு போடக் கிளம்பினார்கள். இந்த முறை ராஜாஜி தயங்கவில்லை. கோயிலைத் திறந்துவிட்டவர்கள் மீது நடவடிக்கை பாயாமலிருக்க, உடனே அவசரச் சட்டம் வந்தது. சில வாரங்களில் அதுவே சட்டமானது. அதில்கூட, வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என அறங்காவலர்கள் கருதினால், அரசு ஒப்புதலோடுதான் கோயிலைத் திறக்கலாம்.

அதாவது, முதல் அடியை வேறு ஒருவர் எடுத்து வைத்தார். சட்டத்தின் குடையை ராஜாஜி பிடித்தார்.

சரி, இதில் யாருக்கு நஷ்டம்?

நிதானமாகப் போனதால் 1939-ல் பெரிய கலவரம் இல்லாமல் கதவு திறந்தது என்பார்கள் ஆதரவாளர்கள். ஆனால் காத்திருந்தது ராஜாஜி அல்ல, வாசலில் நின்றவர்கள். மாகாணம் முழுக்க எல்லாக் கோயில்களையும் திறந்துவிட்ட சட்டம், ஓமந்தூரார் ஆட்சியில் 1947-ல்தான் வந்தது. எம்.சி.ராஜா 1943-லேயே காலமாகிவிட்டார்.