ஹெர்பர்ட் சாப்மன்

ஒரு கலையில் தாம் வல்லவராதல் வேறு. பிறரை அதில் வல்லவராக்குதல் வேறு. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் ஹெர்பர்ட் சாப்மன்.

இவர் 1878ஆம் ஆண்டில், இங்கிலாந்து நாட்டுக் கிவெட்டன் பார்க் என்னும் சிற்றூரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். சுரங்கப் பொறியியல் பயின்ற இவர், கால்பந்தாட்டத்தில் பெருவிருப்பங் கொண்டிருந்தார். ஆயினும், பல கழகங்களுக்கு மாறி மாறி ஆடியும் இவர் பெரும்புகழ் எய்தினாரல்லர். இவர்தம் தம்பி ஹாரியே சிறந்த ஆட்டக்காரரெனப் பெயர் பெற்றார்.

1907இல் சாப்மன் நார்தாம்ப்டன் அணியின் பொறுப்பை ஏற்றார். தாழ்ந்து கிடந்த அவ்வணி, ஈராண்டுகளில் தென்பகுதிப் போட்டித் தொடரில் முதன்மை பெற்றது. பின்னர் இவரிடம் பயின்ற ஹடர்ஸ்பீல்டு அணி 1924, 1925ஆம் ஆண்டுகளில் நாட்டின் முதல் அணியாயிற்று.

1925இல் இலண்டன் மாநகரத்து ஆர்சனல் அணிக்கு வந்தார். பந்தைப் பெறுவோர்க்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும் என்றிருந்த விதி, அவ்வாண்டில் இருவர் போதுமெனத் தளர்ந்தது. அதனால் காத்தல் அரிதாயிற்று. நியூகாசில் அணியிடம் ஏழு கோல்களால் ஆர்சனல் தோற்றது. அப்போது அணித்தலைவர் சார்லி புக்கன், நடுவரிசையின் மைய வீரரைப் பின்காவலராக்குமாறு கூறினார். தம் கீழுள்ளவர் சொல்லை ஏற்பதை இழிவெனக் கருதாத சாப்மன், அவ்வாறே செய்தார். அடுத்த ஆட்டத்திலேயே வெற்றி கிட்டிற்று. 1930இல் கோப்பையும், 1931, 1933ஆம் ஆண்டுகளில் முதன்மையும் ஆர்சனலுக்கு வந்தெய்தின.

1934 சனவரித் திங்களில் நோயுற்று மறைந்தார். அவர் உருவாக்கிய அணி அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் முதன்மை பெற்றது. தாம் பெறாத புகழைப் பிறர் பெறச் செய்தலும் ஒரு பெருந்திறனே அன்றோ!